தகரப்பெட்டிக்காரர் பெயர்

செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கி, முகம் கழுவி, எதிர்ச்சாரியில் இருந்த தமிழ் மெஸ்ஸில் நாலு இட்லி தின்று, தெம்பாக வெளியே வந்து நான் செய்த முதல் காரியம், தப்பான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது. போக வேண்டியது மேற்கே குகட்பள்ளி. பஸ் போனது கிழக்கே உப்பல். அதன் நெற்றியில் எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள், தெலுங்கில். இருபத்தாறு வருஷமாகப் பிறர் எழுத்தைத் திருத்திப் பிழைக்கிறவன், ஒரு போர்டைப் படிக்கத் தெரியாமல் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு போனேன்.

கண்டக்டர் ஒரு பெண். "குகட்பள்ளி" என்று நான் காசை நீட்டியதும், முன் சீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார். பஸ் பாதி சிரித்தது. பின்னால் இருந்தவர் குனிந்து, "உலகத்தைச் சுத்திக்கிட்டுக் குகட்பள்ளி போறாராம் பெரியவருன்னு சொல்லுதுங்க" என்று மொழிபெயர்த்தார். சேலத்துக்காரர். நாச்சாரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். "நான் வந்த புதுசுல மூணு நாளு இப்படித்தானுங்க" என்று ஆறுதலும் சொல்லி, தானும் இறங்கி, ரோட்டைக் கடந்து எதிர்ப் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டுத்தான் போனார். 'பெரியவர்' என்றதுதான் கொஞ்ச நேரம் உறுத்தியது. எனக்கு ஐம்பத்து நாலு.

அந்த மெஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பாரில் பருப்பு இருந்தது, புளி இருந்தது, எங்கள் மதுரையில் ஒரு பந்திக்குப் போடும் மிளகாய்த்தூளும் இருந்தது. கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தவனிடம் மெஸ் அம்மாள் வந்து, "இன்னும் ரெண்டு வைக்கட்டா? நக்கோவா? கைக்கு?" என்று கேட்டார். நக்கோ என்றால் வேண்டாம். கைக்கு என்றால் ஏன். ஆமாம் என்பதற்கு ஹவ். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் உள்ளூர் உருதுவின் இந்த மூன்றும் தினம் புழங்குகின்றன. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நாலு நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஐதராபாத்தை ஐ.டி. கம்பெனிகள் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வழியெல்லாம் மேம்பாலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மதுரையில் சுவர் என்றால் காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. இங்கே ஒரு சுவரில்கூடச் செத்தவர் முகம் இல்லை. கம்ப்யூட்டர் கோர்ஸ் சொல்லித் தருகிறோம், அமெரிக்கா அனுப்புகிறோம், பெண்கள் ஹாஸ்டல் உண்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது. குகட்பள்ளி வீட்டு வசதி வாரியக் காலனியில் இறங்கி நூற்று நாற்பதாம் நம்பர் வீட்டைத் தட்டினால், லுங்கி கட்டிய ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, இந்தக் காலனியில் நூற்று நாற்பது என்று ஐந்தாறு வீடு உண்டு, உனக்கு எந்தப் பகுதி என்று கேட்டார். அதை நான் எழுதிக்கொண்டு வரவில்லை. சரியான நூற்று நாற்பதைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம் நாலு மணி.

அந்த வீட்டில்தான் தனலட்சுமி அம்மாள் இருந்தார்.

அவர் ரங்கூனில் பிறந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டு ஊரே ஓடியபோது பதின்மூன்று வயது. கப்பல் கிடைக்காத கூட்டத்தோடு, காடும் மலையுமாகப் பல வாரம் நடந்து அஸ்ஸாம் பக்கம் வந்து சேர்ந்தவர். கூட வந்த தகப்பனார் வழியிலேயே போய்விட்டார். செகந்திராபாத் கன்டோன்மென்டில் இருந்த மாமா எடுத்து வளர்த்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டையரான பிறகு அந்த நடையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, எங்கள் பதிப்பகத்துக்குத் தபாலில் அனுப்பினார். தனக்கென்று ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லை. நான்தான் அதைத் திருத்தினேன்.

நல்ல புத்தகம். பசியைப் பற்றி அவ்வளவு நிதானமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் ஏழாவது அத்தியாயம் முழுக்கப் பெயர்கள். அவர்கள் கூட்டத்தை நடத்தி வந்த மேஸ்திரிக்குத் தொண்டை கட்டிப்போனதால், தினமும் பொழுது சாய்கிறபோது எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் சரிபார்க்கும் வேலை, குரல் கணீரென்று இருந்த இந்தச் சிறுமியிடம் வந்தது. முதல் நாள் ஐம்பத்திரண்டு பெயர். அவற்றை நடந்து வந்த வரிசைப்படி எழுதியிருந்தார். மறுநாளும் அதே பெயர்கள். நாலாம் நாள் ஒன்று குறையும். அதற்கடுத்த நாள் இரண்டு. இப்படியே பத்தொன்பது பேர் மிஞ்சுகிறவரை பக்கம் பக்கமாகப் போனது.

ஓரத்தில் 'அலுப்புத் தட்டுகிறது' என்று சிவப்பு மையில் எழுதி, அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன். பதிலாக 'வழியில் பலர் இறந்துபோனார்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். பதிப்பகத்தில் எனக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமைதான்.

ஆறு வருஷம் கழித்து, இந்தப் பயணத்துக்கு முந்தின மாதம் மானாமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் காந்திமதி. அவர் தாய் வயிற்றில் இருந்தபோது ரங்கூன் போன தகப்பனார், யுத்தத்தில் அங்கிருந்து கால்நடையாக வருகிறேன் என்று மாந்தளேயிலிருந்து ஒரு கடிதாசி போட்டதோடு சரி. செத்ததாகவும் செய்தி இல்லை. அம்மா பொட்டும் பூவுமாகவே இருந்து, போன ஆடியில் காலமாகிவிட்டார். 'நாங்கள் அப்பாவுக்குத் திதி கொடுத்ததே இல்லை. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் பார்த்தவர் ஒருவர் வாயால் கேட்டால்தான் கொடுப்பேன் என்று அண்ணன் நிற்கிறார். உங்கள் புத்தகத்தில் வரும் கூட்டத்தில் எங்கள் அப்பா இருந்தாரா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அப்பா பெயர் சோலைமலை.'

அந்தப் பெயர் ஏழாவது அத்தியாயத்தில் இருந்ததா? இரண்டு தடவை படித்திருக்கிறேன். ஒரு பெயரும் நினைவில்லை. கையெழுத்துப் பிரதியைத் தேடினால், பதிப்பகம் புதுக் கட்டிடத்துக்குப் போனபோது பழைய காகிதங்களோடு எடைக்குப் போய்விட்டது தெரிந்தது. போடலாமா என்று கேட்டார்களாம். நான்தான் போடச் சொன்னேனாம். மகாளய அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

கதவைத் திறந்தது அவருக்குப் பேத்தி முறையான சிந்து. ஐ.டி.யில் வேலை. நான் தமிழில் கேட்கக் கேட்க, தெலுங்கிலும் இங்கிலீஷிலுமாகப் பதில் சொன்னாள். "பெத்தம்மா வாக்கிங், அங்கிள். ஹாஃப் அன் அவர். கூர்ச்சோண்டி" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, வாசலில் ஹாரன் அடித்த கம்பெனி வண்டிக்கு ஓடினாள். முன்பின் தெரியாதவனை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு இப்படிப் போகிற பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. நடந்துபோன பெத்தம்மாவுக்காக நான் காத்திருந்தேன்.

சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, கையில் குடை. உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து, "எடிட்டர் தம்பியா? உங்க கேட்லாக் போட்டோல இருக்கிறதைவிட முடி கம்மி" என்றார். குரல் அப்படியே டெலிபோனில் கேட்கிற குரல். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. இப்போதும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கிறாராம். "நடக்காட்டி எனக்கு ஒண்ணும் தோணாது தம்பி. புக்கு பூரா நடந்துக்கிட்டே யோசிச்சதுதான். வீட்டுக்கு வந்து உக்காந்து எழுதினது மட்டும்தான் கை வேலை."

பிறகு அவரே, "ரெண்டாம் பதிப்பு விஷயமாத்தானே வந்திருக்கீங்க?" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் "அதுவும்தான்" என்றேன். அதுவும் என்று ஒன்று அதுவரை கிடையாது. கோங்குராவைப் பருப்பில் போட்டு மசித்து, சோற்றில் நெய் ஊற்றிச் சாப்பிடச் சொன்னார். புளிச்சக்கீரைக்கு இப்படி ஒரு வாழ்வு இருப்பது எனக்குத் தெரியாது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வந்த காரியத்தைச் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

மறுநாள் தனக்குச் செகந்திராபாத்தில் வேலை இருக்கிறது, பென்ஷன் ஆபீஸ், கூட வாருங்கள் என்றார். பத்து மணிக்கே முடிந்துவிட்டது. மதுரையில் ஒரு பென்ஷன் ஆபீஸ் பத்து மணிக்குத் திறந்தாலே ஆச்சரியம். பிறகு தான் வேலை பார்த்த எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்தை வெளியிலிருந்து காட்டினார். ஹெட்போன் மாட்டி மாட்டி வலது காதுக்கு மேலே முடி கொட்டிப்போனதையும் காட்டினார். ஆட்டோக்காரர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு சலாம் வைத்தார். இந்த அம்மா தினம் நடக்கிறதால எங்க பொழைப்பு போகுது என்று அவர் உருதுவில் சொன்னதாக அம்மாளே எனக்குச் சொன்னார்.

முனையில் ஓர் இரானி ஹோட்டல். எங்கள் ஊரில் டீயை ஆற்றுகிறவரை முழுசாகப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். இங்கே டிக்காஷனும் பாலும் உள்ளே தனித்தனியாக வெந்து, கோப்பையில்தான் ஒன்றையொன்று பார்க்கின்றன. உப்பும் இனிப்புமாக ஒரு பிஸ்கட் வைத்தார்கள். அவர் அதை டீயில் தோய்த்துக்கொண்டே, "ரெண்டாம் பதிப்புல அந்த ஏழாவது அத்தியாயத்தைப் போடறதா?" என்று கேட்டார்.

"நான் எடுத்ததைப் பார்த்தீங்களா அம்மா?"

"பாக்காம? முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். புக்கு உங்க வேலை, உங்களுக்குத்தான் தெரியும். பேருங்க பத்திரமா உங்க ஆபீஸ்ல இருக்கே, அது போதும்னு விட்டுட்டேன்." பிஸ்கட்டை வாயில் போட்டு மென்றார். "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லல. விளக்கு வச்சதும் அந்த ஐம்பத்திரண்டு பேரையும் தினம் ஒரு தடவை சொல்வேன். டியூட்டில இருந்தா போர்டு முன்னாடி உக்காந்து மனசுக்குள்ள சொல்வேன். ஒரு நாள் விட்டதில்ல. எழுதி உங்களுக்கு ரிஜிஸ்தர் தபால் போட்டேன் பாருங்க, அன்னியோட நிறுத்திட்டேன். பேப்பர்ல இருக்கு, இனி நான் தூக்க வேண்டாம்னு. அப்பாடான்னு இருந்துச்சு தம்பி."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எடைக்குப் போட்டதைச் சொன்னேன். நானே போடச் சொன்னதையும் சொன்னேன். ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தேன்.

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். "கைக்கு?" என்றார்.

ஏன் என்ற அந்த ஒரு வார்த்தையோடு சரி. மறுபடி கேட்கவில்லை. பக்கத்து மேஜையில் இரண்டு பையன்கள் யாருடைய சம்பளம் எவ்வளவு ஏறியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெகு நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆறு வருஷம் கழிச்சு இதைச் சொல்ல வந்திருக்கமாட்டீங்க. யாரோ கேட்டிருக்காங்க. யாரு சார்?" என்றார். தம்பி போய் சார் வந்துவிட்டது.

காந்திமதியின் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். "ஒரு அம்மா. அவங்க அப்பா பேரு..." என்பதற்குள் கையை நீட்டித் தடுத்தார்.

"பேரைச் சொல்லாதீங்க. எங்க டிரங்க் போர்டுல பி.பி. கால்னு உண்டு. குறிப்பிட்ட ஆள்கிட்ட மட்டும்தான் கொடுக்கணும். அந்தப் பக்கம் எடுத்தவரைப் பாத்து, நீங்கதான் ராமையாவான்னு கேட்டா யாரா இருந்தாலும் ஆமாங்கறான். யார் பேசறதுன்னு கேக்கணும். அவனா பேரைச் சொல்லணும். முப்பத்தஞ்சு வருஷம் நான் பேரை முதல்ல சொன்னதில்ல. அந்தப் பேரு எனக்குள்ள இருந்தா அதுவா வரட்டும். நாளைக் காலையில நடக்கலாம்."

கடிதத்தை மடித்து உள்ளே வைத்தேன். ஸ்டேஷன் பக்கம் எடுத்திருந்த லாட்ஜ் அறைக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் படுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை அத்தியாயங்களை எடுத்திருப்பேன், அதில் எதிலெதில் என்னென்ன இருந்தது என்று எண்ணிப் பார்க்கக்கூட பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமலும் குகட்பள்ளி போய்விட்டேன். இந்தத் தடவை சரியான பஸ். அம்மாள் ஷூ மாட்டி ரெடியாக நின்றார். என்னை ஒரு நோட்டோடு இரண்டடி பின்னால் வரச் சொன்னார். "பேசாதீங்க. இருமக்கூடாது. நின்னா நில்லுங்க" என்று மூன்று கட்டளை போட்டார்.

காலனிப் பூங்காவைச் சுற்றி முதல் சுற்று சும்மா நடந்தார். இரண்டாவது சுற்றில் ஆரம்பித்தார். "மேஸ்திரி வேலாயுதம். ராக்கம்மா. காசிம் ராவுத்தர். பெரிய நாகன். சின்ன நாகன். அப்பா." சாதாரணக் குரலில் இல்லை. ஆள் தூரத்தில் இருக்கிறான், கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, ஒரு மூச்சு நின்று, அடுத்ததற்குப் போனார். "ஆரோக்கியம். ஆரோக்கியம் மகன் சூசை. பேச்சி. பேச்சி கைக்குழந்தை." காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஓடிய இளைஞர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். பால் பாக்கெட் வாங்கி வந்த ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நின்றே விட்டார்.

சில இடத்தில் திணறினார். அப்போது நடையை வேகமாக்கினார், பெயர் வந்தது. ஒரு தடவை பின்னால் பத்தடி திரும்பி வந்து, மறுபடி முன்னே நடந்தார், வந்தது. நான் எழுதிக்கொண்டே போனேன். இருபத்தொன்பது ஆயிற்று. என் வாழ்க்கையில் ஒரு பட்டியலை அவ்வளவு ஆசையாக நான் எழுதியதில்லை.

"மாரியப்பன்" என்றார். முப்பது. அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தார், வரவில்லை. ஒரு சுற்று நடந்தார். "மாரியப்பனுக்குப் பின்னாடி ஒருத்தர். அவருக்குப் பின்னாடி பிச்சையம்மா, அது தெரியுது. நடுவுல இவர். தலையில தகரப்பெட்டி. பச்சைப் பெயின்ட். எல்லாரும் சாமானைத் தூக்கிப் போட்டுட்டு வந்தாங்க, இவர் மட்டும் போடமாட்டேன்னுட்டார். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டேன். பதில் இல்ல. திரும்பிப் பாத்தா பெட்டி இருக்கு, ஆள் இல்ல. மறுபடி கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேனே. என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டேன்?"

இன்னொரு சுற்று. அவர் உதடு அசைந்தது. கையைக் காற்றில் நீட்டி, எதையோ தொடப்போவதுபோல மடக்கினார். முகம் அப்படியே பதின்மூன்று வயதுப் பிள்ளையாக ஆகியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு உதவி செய்ய வேண்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன், சத்தியமாக.

"சோலைமலையா அம்மா?" என்றேன்.

"ஹவ்" என்றார் உடனே. "ஹவ், ஹவ். சோலைமலை." மூச்சு விட்டார். சிரித்தார்கூட. இரண்டடி நடந்து, நின்று, திரும்பினார்.

"நீங்க சொன்னீங்க" என்றார்.

நான் நோட்டை மூடினேன்.

"வந்துக்கிட்டு இருந்துச்சு. நாக்கு நுனிக்கு வந்துச்சு. அது சோலைமலையாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். இப்ப அந்த ஆள் மூஞ்சில நீங்க எழுதி ஒட்டிட்டீங்க சார். கண்ணை மூடினா பெட்டியும் சோலைமலைன்னுதான் கத்துது. இனிமே அங்க வேற பேரு வராது."

"இன்னொரு சுற்று நடந்து பார்க்கலாமா அம்மா?"

"நக்கோ."

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் நடக்கும் நேரத்தில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்ததாகப் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் கவலைப்பட்டு, தெலுங்கில் ஏதோ விசாரித்தார். ஒன்றுமில்லை என்று கையசைத்தார். ஒரு காலத்தில் ஒரு அத்தியாயத்தையே எடுத்தேன். இப்போது ஒரு வார்த்தை சேர்த்தேன். எடுத்ததையாவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சேர்க்காதே என்று முந்தின நாள் விளக்கமாகச் சொல்லிக் கொடுத்த பிறகும் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்து உப்புமா செய்து போட்டார். பிச்சையம்மாவுக்குப் பிறகு வந்த பெயர்களில் இன்னும் எட்டைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தே சொல்லி முடித்தார். மீதி வரவில்லை. நான் கிளம்பும்போது, காந்திமதிக்கு என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன்.

"இருந்தார்னு எழுதணும்னா உங்க பேர்ல எழுதுங்க. என் பேர்ல நக்கோ." வாசல்வரை வந்தார். "ஷூவை மாட்டிக்கிட்டு இனிமே தினம் சொல்றேன். இருக்கிற முப்பத்தொன்பது பேராவது நிக்கட்டும். உங்க நோட்டை நம்ப மாட்டேன் சார்."

நாலாம் நாள் ரயில் மத்தியானம்தான். ஸ்டேஷன் எதிரில் எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம், காந்திமதி கடிதத்தில் இருந்த நம்பரைச் சுற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அமாவாசைக்கு நாலு நாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் தேவிபட்டினம் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடுவார். அது உண்மையாகவும் இருக்கலாம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். வெளியே காத்திருந்தவர் கதவைத் தட்டினார். சுற்றிவிட்டேன்.

காந்திமதியே எடுத்தார். யார் என்று தெரிந்ததும் மூச்சு வாங்கியது கேட்டது. "எங்கய்யா பேரு இருந்துச்சா சார்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தியாயத்தை எடுத்தது, எடைக்குப் போட்டது, பூங்காவில் நடந்தது, தகரப்பெட்டி. "பேரை நான்தாம்மா முதல்ல சொன்னேன். அந்த அம்மா ஆமாம்னது அதுக்கப்புறம்தான்."

"தகரப்பெட்டியா?" என்றார். "அண்ணனுக்கு அப்ப ரெண்டு வயசு. எங்கம்மா இருந்தா சொல்லியிருப்பாக, பெட்டி கொண்டுக்கிட்டுப் போனாகளா இல்லையான்னு. நான் கேட்டதே இல்லையே சார்."

"பச்சைப் பெயின்ட் அடிச்ச பெட்டியாம்மா."

"சரி சார். அண்ணன்கிட்ட இல்லைன்னு சொல்லிடறேன்."

"இல்லைன்னு இல்லம்மா. தெரியலைன்னுதான்."

"அவுகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். குடுக்க மாட்டாக." பின்னால் ஒரு கோழி கத்தியது. "அம்மாவைத் தூக்கறப்போ பூவும் பொட்டும் வச்சுத்தான் தூக்குனோம். மத்தவுக வேணாம்னாக. நான்தான் வச்சுவிட்டேன். நான் செஞ்சது சரியா தப்பான்னு தெரிஞ்சுக்கிடத்தான் சார் உங்களுக்கு எழுதுனேன். திதிக்கு இல்ல."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வைக்கிறேன் சார். உலை கொதிக்குது" என்றார்.